இன்னும் மாட்டாத அட்டை

“வாயைத் திற. இன்னும் பெருசா. வேண்டாதப்போ மட்டும் கிணறு மாதிரித் திறக்கத் தெரியுதுல்ல?”

நாத்தனார் வாயைத் திறந்தாள். கண்ணாடியம்மா டார்ச்சை அடித்துப் பார்த்தாள். கண்ணுக்குள் பார்க்கிற டார்ச்தான். ஆபத்துக்குத் தொண்டைக்கும் உதவியது. உள்ளே செக்கச்செவேலென்று வீங்கிக் கிடந்தது.

“சரி, மூடு. தொண்டை சரியாகிற வரைக்கும் பேச்சே கிடையாது. உன் அண்ணன்கிட்டச் சொல்லிடறேன், ரேடியோ ரிப்பேர்னு.”

நாத்தனார் தலையைப் பலமாக ஆட்டினாள். வண்டியின் முன்பக்கத்தைக் காட்டினாள், தன் வாயைக் காட்டினாள், அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னமோ சொல்லப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

“என்ன, முன்னாடி போய் உட்காரணுமா? காய்ச்சல் கொதிக்குது, பேசாமப் படு. ஒருநாள் உன் இடத்துல நான் உட்கார்ந்தா உன் அண்ணன் ஒண்ணும் தேய்ஞ்சு போயிட மாட்டார்.”

போர்வையை இழுத்துவிட்டுக் கண்ணாடியம்மா இறங்கினாள். அந்தப் பிடி அத்தனை இறுக்கமாக இருந்ததைப் பற்றி அப்போது அவள் யோசிக்கவில்லை.

கண்ணாடியம்மா என்பது ஊர்க்காரர்கள் வைத்த பெயர். அவள் கண் டாக்டர் இல்லை. கண்ணைச் சோதித்துப் பவர் எழுதிக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவள். கணவர் ஓட்டுகிற இந்தக் கேரவன்தான் கடை, வீடு, எல்லாம். பின்பக்கம் மடக்குக் கட்டில் இரண்டு, அடுப்பு ஒன்று, கண்ணாடிச் சட்டங்கள் நிறைந்த இழுப்பறைகள், நடுவில் சோதனை நாற்காலி. மழைக்காலம் வந்தால் கிளம்பிவிடுவார்கள். வெயில் காலத்தில் சின்ன ஊர்களில் யாருக்கும் கண்ணைப் பற்றி நினைக்க நேரமிருக்காது. வயல் நனைந்து, வேலை நின்று, வீட்டுக்குள் உட்கார்ந்த பிறகுதான் ஊசியில் நூல் நுழையவில்லை, பேப்பரில் எழுத்து தெரியவில்லை என்பதெல்லாம் ஞாபகம் வரும். அதனால் கண்ணாடியம்மாவின் தொழில் முழுக்க ஈரத்திலேயே நடந்தது.

கண்ணில் வளையத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா? இதுவா, அதுவா?” என்று கேட்பாள். முக்கால்வாசிப் பேர், “ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு” என்பார்கள். “ஒரே மாதிரி இருக்காது. நல்லாப் பார்த்துச் சொல்லுங்க” என்பாள். வாழ்நாளில் அவள் அதிகம் பேசிய வசனம் அதுதான்.

பேச்செல்லாம் நாத்தனாருடையது. கணவன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்தவள். வண்டி கிளம்பியதும் அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தால் இறங்குகிறவரை வாய் மூடாது. “அண்ணா, அந்தக் கிழவர் குடையைப் பாரேன், கம்பி மட்டும்தான் இருக்கு. வலது பக்கம் ஒரு மாடு, யோசனை பண்ணிட்டு நிக்குது. ஐயோ, எதிர்ல லாரி எவ்வளவு வேகமா வரான் பாரு!” பின்னால் சட்டங்களைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கண்ணாடியம்மாவுக்கு மண்டை இடிக்கும். “ரோட்டுல இருக்கிறதெல்லாம் ஓட்டறவருக்குத் தெரியாதா? இவ சொல்லித்தான் தெரியணுமா?” என்று சின்னச் சாளரம் வழியாகக் கத்துவாள். அண்ணனும் தங்கையும் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பில் தனக்குப் பங்கில்லை என்று ஒரு வருஷமாக அவளுக்கு மனத்தாங்கல். போன மழை முடிந்ததும், “போதுங்க அலைஞ்சது. ஒரு இடத்துல கடை போட்டு உட்காரலாம்” என்று சொல்லியிருந்தாள். “உட்கார்ந்த இடத்துல கடையா? என்னையும் ஆணியில மாட்டி வெச்சுடு” என்றார் அவர். அன்றையிலிருந்து அவர் அவளை நேராகப் பார்த்துப் பேசுவதில்லை. பேசினால் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வார். சோறு பரிமாறினாலும் அப்படி, சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாலும் அப்படி. இந்த வயதில் இத்தனை வீம்பா என்று அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அவள் முன்னால் வந்து ஏறியதும், அவர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பக்கவாட்டில் பார்த்தார்.

“அவ எங்க?”

“படுத்திருக்கா. தொண்டை போச்சு. ஊமைப் படம்தான்.”

“அப்போ இன்னிக்குக் கிளம்ப வேண்டாம்.”

“ஏன்?”

“மழை.”

“மழையா? மழைக்குப் பயந்தா நமக்குப் பிழைப்பு ஏது? நாளைக்குக் காலையில அடுத்த ஊர்ல ஜனங்க வந்து நிப்பாங்க. மதியம்தானே ஆகுது, இருட்டறதுக்குள்ள போயிடலாம்.”

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு போட்டார்.

ஊரின் கடைசிக் கட்டடம் தாண்டியது. துடைப்பான்கள் கிறீச்சிட்டன. இருபக்கமும் வயல் எது, குளம் எது என்று தெரியாதபடி தண்ணீர்.

“ஏதாவது பேசிட்டு வாயேன்” என்றார்.

“நானா? என்ன பேசறது?”

“ரோட்டுல இருக்கிறதைச் சொல்லு.”

“மழை பெய்யுது.”

“அது எனக்கும் கேக்குது. வேற?”

“வேற என்ன, உங்களுக்குத் தெரியாததா?”

வண்டி மெதுவாகப் போனது. பின்னால் வந்தவன் ஒலி எழுப்பித் திட்டிக்கொண்டே முந்திப் போனான். நாத்தனார் பக்கத்தில் இருந்தால் இவ்வளவு மெதுவாகப் போகமாட்டாரே என்று நினைத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தால் வண்டிகூட நகர மாட்டேன் என்கிறது.

“இதோ பார், மர அறுவை மில்லு. அந்தப் புகைக்கூண்டு இன்னும் அப்படியே நிக்குது” என்றார்.

அவள் பார்த்தாள். வெட்டவெளி. இடித்துத் தள்ளிய செங்கல் குவியல்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“எங்கங்க நிக்குது?”

“தாண்டிட்டோம், விடு.”

கேலி செய்கிறார் என்று விட்டுவிட்டாள்.

இன்னும் கொஞ்சம் போனதும் மழைச்சட்டை போட்ட சாலைப் பணியாளர் ஒருவர் நடுவில் நின்று கையை ஆட்டினார். வண்டி அவரை ஒட்டி, ரொம்பவே ஒட்டிப் போய் நின்றது. அவர் துள்ளி விலகினார்.

“யோவ், ஏத்திடுவ போலிருக்கே! மெயின் ரோட்டுல மரம் விழுந்து கிடக்கு. இப்படி வாய்க்கால் ரோட்டுல போங்க. ரெண்டாவது பிரிவுல வலது பக்கம் திரும்பணும். நேராப் போயிடாதீங்க, பாலத்துமேல தண்ணி ஓடுது. குறுக்கே ட்ரம் வெச்சு போர்டும் வெச்சிருக்கோம், தெரியும்.”

“தெரியும், தெரியும்” என்றார் கணவர்.

வாய்க்கால் சாலை ஒரு வண்டி அகலம்தான். இந்தச் சாலையில் அவர்கள் வந்ததே இல்லை. அவர் முதுகை நிமிர்த்தி, தலையைக் கோழி மாதிரி அப்படியும் இப்படியும் சாய்த்துச் சாய்த்து ஓட்டினார். கழுத்து பிடித்துக்கொண்டதோ என்று கேட்க வாயெடுத்தாள். தூரத்தில் சிவப்பு ட்ரம் தெரிந்தது. அதன்மேல் ஆள் உயரத்துக்குப் பலகை: ‘பாலம் மூழ்கியுள்ளது. செல்லாதீர்.’ வலப்பக்கம் பிரியும் சாலை பளிச்சென்று தெரிந்தது. எப்போது திருப்புவார் என்று பார்த்தாள். அவர் திருப்பவில்லை.

“என்னங்க… என்னங்க, ட்ரம்! ட்ரம்முங்க!”

டமாரென்று ஒரு சத்தம். பலகை சரிந்து கண்ணாடியில் மோதிப் பக்கத்தில் விழுந்தது. வண்டி நிற்காமல் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்க! தண்ணி! நிறுத்துங்க!”

நின்றது. முன்சக்கரங்களுக்கு ஒரு முழம் முன்னால் பழுப்புத் தண்ணீர் பாலத்தைக் காணாமல் செய்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முழு மரக்கிளை அதில் உருண்டு போனது. பின்னாலிருந்து நாத்தனார் சாளரத்தைத் தட்டோ தட்டென்று தட்டினாள்.

“எந்த ட்ரம்?” என்றார் அவர்.

அந்தக் கேள்வி கண்ணாடியம்மாவுக்கு உறைத்தது. அவளுக்குள் இருந்த இன்னொருத்தி, தினமும் நாற்காலி முன்னால் நிற்கிறவள், எழுந்துகொண்டாள்.

“என் பக்கம் திரும்புங்க. நேரா. முகத்தை வளைக்காம நேராப் பாருங்க.”

அவர் திரும்பினார். இரண்டு கண்களும் அவள் முகத்தில் பட்டு, பிடிப்பில்லாமல் வழுக்கின.

“என் முகம் தெரியுதா?”

அவர் முகம் பழையபடி ஒரு பக்கமாகத் திரும்பப் பார்த்தது.

“உங்களைத்தான் கேக்கறேன்.”

“நேராப் பார்த்தா நீ காணாமப் போயிடற” என்றார் மெல்ல. “நடுவுல ஒரு கறை. யாரோ பெருவிரல்ல மையைத் தொட்டு அழுத்தின மாதிரி. சுத்தி எல்லாம் தெரியுது. ரோட்டோட ரெண்டு ஓரமும் தெரியுது. நடுவுல இருக்கிறதுதான்… கொஞ்சம் ஒதுங்கிப் பார்த்தா நீ இருக்க.”

ஒரு வருஷத்து வீம்பு முழுவதும் அவள் கண்முன்னால் வேறு உருவம் எடுத்தது. பொத்தான் தைத்துக் கொடுத்தபோது திரும்பின முகம், சோறு போட்டபோது திரும்பின முகம்.

“கோவம்னு நினைச்சேனே, பாவி.”

“கோவமும் கொஞ்சம் இருந்தது.”

“அவளுக்குத் தெரியுமா?”

“அவதான் முதல்ல கண்டுபிடிச்சா. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். அன்னிலேருந்து வாய் ஓயாமச் சொல்லிட்டே வரா.”

மாடும் லாரியும் கம்பிக் குடையும். அவள் காதைப் பொத்திக்கொண்டு கேட்ட ரேடியோ.

“மழை ஆரம்பிக்கும்போது நானே டெஸ்ட் பண்ணினேனே. கடைசி வரி வரைக்கும் படிச்சீங்களே!”

“அந்த அட்டையை வருஷக்கணக்கா யார் மாட்டறது? தூக்கத்துல எழுப்பிக் கேளு, சொல்றேன்.”

கேரவன் நீளம் போதாது என்பதால் எழுத்தட்டையை நோயாளியின் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச்சுவரில் இருக்கும் முகம் பார்க்கிற கண்ணாடியில் பார்க்கவைப்பார்கள். இடவலம் மாற்றி அச்சடித்த ஒரே அட்டை. காலையில் அதை மாட்டுகிறவர் அவர், மாலையில் கழற்றித் துடைக்கிறவர் அவர். அந்த அட்டையை வைத்து அவரையே சோதித்து, பார்வை நன்று என்று கையெழுத்தும் போட்டவள் அவள். இமைக் குற்றம் கண்ணுக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது ஆத்திரம்.

“ஸ்கூல் விட்டுக் குழந்தைங்க நடந்து வர ரோடு எத்தனை தாண்டியிருப்போம்? அந்த ரோட்டுக்கார மனுஷன் துள்ளலைன்னா என்ன ஆகியிருக்கும்? உங்க வீம்புக்கு ஊரான் பிள்ளையா பலி?”

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. “இறங்கிட்டா நான் யாரு? சொல்லு. உனக்குத் தொழில் இருக்கு. அவளுக்கு வாய் இருக்கு. எனக்கு?”

அவள் முன்னால் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள். அது ஏறிக்கொண்டிருந்தது. ஒரு முழம் அரை முழமாகியிருந்தது.

“முதல்ல இந்த இடத்தைவிட்டு நகரணும்” என்றாள். “இறங்கி இந்தப் பக்கம் வாங்க. நான் ரிவர்ஸ் எடுக்கறேன்.”

“நீயா? வாசத்தூணை இடிச்சவளா?”

“அந்தத் தூணு இன்னும் எத்தனை வருஷம் பேசும்? இறங்குங்க!”

எப்போதோ இந்த வண்டியில்தான் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். முதல் நாளே யார் வீட்டு வாசலிலோ தூணைச் சாய்த்தாள். உரிமம் வாங்கினாலும் அதற்குப் பிறகு தொட்டதில்லை. இப்போது இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கக் கண்ணாடிகளில் மழையைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் வாய்க்கால்.

சாளரத்தைத் திறந்தாள். நாத்தனாரின் முகம் அங்கேயே இருந்தது, வெளிறிப்போய்.

“அழாத. அப்புறம் உன்னை வெச்சுக்கறேன். பின் ஜன்னல்கிட்டப் போய்ப் பாரு. கையில தட்டும் கரண்டியும் எடுத்துக்கோ. வண்டி இடது பக்கம் போனா ஒரு தட்டு, வலது பக்கம் போனா ரெண்டு தட்டு. விழப் போகுதுன்னா விடாம அடி. புரிஞ்சுதா?”

நாத்தனார் ஓடினாள்.

“கிளட்சை அப்படியே விடாத” என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “எஞ்சின் முனகும், அப்போ விடு. இப்போ இல்ல… இப்போ இல்ல… இப்போ.”

வண்டி ஒரு குலுக்கலோடு பின்வாங்கியது. டங். அவள் திருப்பினாள். டங், டங்.

“ரொம்பத் திருப்பற. வளையலை நகர்த்தற மாதிரி நகர்த்து.”

“பேசாம இருங்க.”

“சொல்லித் தராம எப்படி…”

“எஞ்சினைப் பத்தி மட்டும் பேசுங்க!”

டங். டங். டங், டங். திடீரென்று கரண்டி தீ விபத்துக்கு அடிப்பது போல அடித்தது. கண்ணாடியம்மா பிரேக்கை மிதித்தாள். ஒரு பின்சக்கரம் கரை மண்ணை உடைத்துச் சரிய ஆரம்பித்திருந்தது. இரண்டு தடவை முன்னுக்கு எடுத்து, பின்னுக்கு விட்டு, ட்ரம் கிடந்த இடத்தைத் தாண்டியபோது அவள் ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. இறங்கிப் போய் ட்ரம்மை உருட்டி நிறுத்தி, பலகையை அதன்மேல் சாய்த்து வைத்தாள். அடுத்து வருகிறவனுக்காவது தெரியட்டும்.

வலப்பக்கச் சாலையில் அவளே ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூட மைதானத்தின் ஓரம் வண்டியை நிறுத்தினாள். நாத்தனார் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் மூலையில் உட்கார்ந்தாள். மழை கூரையில் கொட்டிக்கொண்டேயிருந்தது.

அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

“இந்தச் சுத்து முடியட்டும். இன்னும் நாலஞ்சு ஊருதானே. தெரிஞ்ச ரோடு. தங்கச்சிக்குத் தொண்டை சரியானா…”

“நாற்காலியில உட்காருங்க.”

“எதுக்கு?”

“உட்காருங்கன்னா உட்காருங்க.”

உட்கார்ந்தார். அத்தனை வருஷமாகத் துடைத்த நாற்காலியில், பல் பிடுங்க வந்தவர் மாதிரி விளிம்பில் உட்கார்ந்தார்.

கண்ணாடியம்மா பழைய அட்டையைத் தொடவில்லை. சட்டங்கள் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, தடித்த பேனாவால் தனக்குத் தோன்றிய எழுத்துகளை எழுத உட்கார்ந்தாள். இடவலம் மாற்றி, ஒவ்வொன்றாக. ‘ந’ எழுதினாள். ‘த’ எழுதினாள். ஒரு எழுத்து கோணியது. அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். இதில் அவர் ஒரு வரி படித்துவிட்டால் போதும் என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது. படித்துவிட்டால் மறுபடி நம்பிவிடுவாயே என்று இன்னொரு மனம் பயந்தது. எழுதிய அட்டை இன்னும் மடியில்தான் இருந்தது.

“ஆரம்பிக்கட்டுமா?” என்றார் அவர். அவள் மாட்டிவிட்டாள் என்று எண்ணிக்கொண்டார் போல. எதிரே இருந்த கண்ணாடியை நோக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலில் தெம்பை வரவழைத்துக்கொண்டார். “முதல் வரி, ட. அடுத்தது ப, க. அதுக்கு அடுத்தது ய, ம, ர. கீழ…”

கண்ணாடியில் வெறும் பலகைச் சுவர்தான் தெரிந்தது. ஆணி மட்டும் இருந்தது.

“என்னங்க” என்றாள். “நான் இன்னும் மாட்டவே இல்லைங்க.”

அவர் வாய் அந்த நான்காவது வரியில் திறந்தபடி நின்றது. மூலையிலிருந்து நாத்தனார் எழுந்து வந்து, குரல் இல்லாத அழுகையோடு அண்ணன் தோளில் கையை வைத்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். பிறகு தேடிப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணாடி போட்டா சரியாகுமா?” என்று கேட்டார், எந்த ஊரிலும் எந்த மனிதரும் கேட்பதுபோல.

“கண்ணாடியில சரியாகிற சமாச்சாரம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில பார்க்கணும். இன்னும் மோசமாகாமப் பிடிச்சு வைக்கலாம்னு சொல்வாங்க. போனது வருமான்னு எனக்குத் தெரியாது.”

“மத்தவங்ககிட்டன்னா கொஞ்சம் இனிப்பாச் சொல்லுவியே.”

“மத்தவங்க எனக்கு யாரு?”

மறுநாள் ஊர்க்காரர்கள் குடைகளோடு வந்து நின்றார்கள். அட்டையை நாத்தனார் மாட்டினாள். “இதுவா, அதுவா?” என்று கண்ணாடியம்மா கேட்டுக்கொண்டேயிருந்தாள். அவர் வெளியே ஒரு சக்கரத்தைச் சுற்றி மற்றொரு சக்கரம் என்று கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், நனைந்துகொண்டே. யாரும் கூப்பிடவில்லை.

கூட்டம் முடிந்து கிளம்புகிற நேரத்தில் சாவி அவளுடைய டீ டம்ளருக்குப் பக்கத்தில் இருந்தது. யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. மற்ற ஊர்களை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்குப் போகிற சாலையில் வண்டியைத் திருப்பினாள். நாத்தனார் நடுவில், அவர் அந்தப் பக்கம் ஜன்னலோரம்.

“அண்ணி” என்று காகம் கரைவது போல ஒரு குரல் வந்தது. “எதிர்ல டிராக்டர்.”

“தெரியுது.”

“ஓரமா ரெண்டு ஆடு.”

“தெரியுதுடி.”

நாத்தனார் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சரி, சொல்லிட்டு வா” என்றாள் கண்ணாடியம்மா. “எனக்கில்லை. அந்தப் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்ல, அவருக்குச் சொல்லு.”

ரேடியோ கரகரத்துக்கொண்டே ஓட ஆரம்பித்தது. கண்ணாடியம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. முழுக்கத் திரும்பவில்லை, பாதி. அந்தத் திருப்பத்துக்கு இரண்டு அர்த்தம் இருப்பது இப்போது அவளுக்குத் தெரியும். எது என்பதுதான் தெரியவில்லை.

“என்னங்க, என்னைப் பார்க்கறீங்களா, இல்ல கோவமா இருக்கீங்களா? இதுவா, அதுவா?”

துடைப்பான் அப்படி ஒருமுறை, இப்படி ஒருமுறை போய் வந்தது.

“ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு” என்றார். “நீ ரோட்டைப் பாரு.”